மூச்சும் துணையும்

நுழையும்முன்

நிலத்தில் வாழும்போது மூச்சு விடுவதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உறக்கத்திலும் அது தானாகவே நடைபெறுகிறது. கடலுக்கடியில் செல்பவருக்கோ ஒவ்வொரு மூச்சும் கருத்தோடு செய்யவேண்டிய செயலாகிறது. அந்தமானில் உள்ள சுவராஜ் தீவில் முதன்முதலாக ஸ்கூபா முக்குளிப்புக்குச் செல்லும் ஒருவரின் ஒரு நாளைப் பின்தொடர்ந்து, அதற்குப் பின்னால் உள்ள அறிவியலையும் ஒழுக்கத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

தீவின் காலை

வங்காள விரிகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பவை அந்தமான் நிக்கோபார் தீவுகள். அவற்றின் தலைநகரம் முன்பு போர்ட் பிளேர் என்று வழங்கியது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயரைப் பெற்றது. அங்கிருந்து விரைவுக் கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பயணம் செய்தால் சுவராஜ் தீவை அடையலாம். ஹேவ்லாக் என்பது இத்தீவின் பழைய பெயர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943ஆம் ஆண்டில் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அதன் 75ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2018ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இத்தீவுக்குச் சுவராஜ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கு அலைகள் உயர்ந்து எழும், நீரும் கலங்கியிருக்கும். அக்காற்று ஓய்ந்தபின், நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதுவே முக்குளிப்புக்கு உகந்த பருவம். நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் இத்தீவில் ஆறு மணிக்கு முன்பே பொழுது புலர்ந்துவிடுகிறது. பகலில் காற்று வலுக்கும்முன் கடலில் இறங்குவதற்காக, முக்குளிப்பவர்கள் விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிடுகின்றனர்.

பயிற்சி நிலையத்தில் புதியவரின் கையில் முதலில் தரப்படுவது ஒரு வினாத்தாள். ஆஸ்துமா உண்டா? இதய நோய் உண்டா? வலிப்பு வந்ததுண்டா? காதில் அறுவை மருத்துவம் செய்துகொண்டதுண்டா? இப்போது சளி பிடித்திருக்கிறதா? இவ்வினாக்களுக்கு உண்மையான விடை எழுதுவதே அந்நாளின் முதற்கடமை. நெடுந்தொலைவு பயணம் செய்து, பணமும் செலுத்தியபின், ஒரு சளிக்காக வாய்ப்பை இழப்பதா என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. ஆனால் கடலுக்குள் அந்தச் சிறு சளி பெருந்துன்பமாக மாறக்கூடும். அதற்கான காரணம் பின்னர் விளங்கும். இன்று இறங்க வேண்டா என்று பயிற்றுநர் சொன்னால் அதனை ஏற்பதும், அச்சமாக இருக்கிறது என்று புதியவர் தாமே சொல்வதும் இழுக்கல்ல. கடல் மறுநாளும் அங்கேதான் இருக்கும்.

முத்துக்குளித்த முன்னோர்

கடலுக்கடியில் சென்று மீள்வது புதிய கலை அன்று. தமிழகத்தின் தென்கரையில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் தொழில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்றது. கொற்கைத் துறைமுகத்தின் முத்துகள் சங்க இலக்கியங்களில் புகழப்படுகின்றன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய கடற்பயண நூலான பெரிபுளூசும் அங்கு நடைபெற்ற முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது.

அம்முன்னோரிடம் மூச்சுக் கருவி எதுவும் இல்லை. கயிற்றில் கட்டிய கல்லின் மீது கால் பதித்து, மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு, அவர்கள் கடலின் அடித்தளத்திற்கு இறங்கினர். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைத்தனர். படகில் இருந்த துணைவர் அவ்வசைவை உணர்ந்து விரைந்து மேலே இழுத்தார். அவர்களின் உயிர் இரண்டை நம்பியிருந்தது: ஒன்று, அடக்கிய மூச்சு; மற்றொன்று, கயிற்றைப் பிடித்திருந்த கை.

இன்று ஸ்கூபா கருவியுடன் இறங்குபவருக்கும் மூச்சும் துணையுமே காவல். ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. முத்துக்குளித்தவர் மூச்சை அடக்கியே ஆகவேண்டும். ஸ்கூபா கருவி அணிந்தவர் மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. இவ்வேறுபாட்டை உணராமல் கடலில் இறங்குவது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

கருவியின் அமைப்பு

நீருக்கடியில் மூச்சு விட உதவும் தன்னிறைவான கருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று உண்டு. அத்தொடரில் உள்ள சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து உருவான பெயரே ஸ்கூபா.

நேதாஜி அந்தமானில் கொடியேற்றிய அதே 1943ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில் இக்கருவியின் இன்றைய வடிவம் உருவானது. கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும் பொறியாளரான எமில் கன்யானும் இதனை உருவாக்கினர். போரினால் பெட்ரோல் கிடைக்காத அக்காலத்தில், சீருந்துகளை எரிவாயுவால் இயக்குவதற்காகக் கன்யான் ஒரு வால்வை வடிவமைத்திருந்தார். தேவைப்படும் அளவு மட்டுமே வாயுவை வெளிவிடும் அந்த வால்வை, மனிதர் மூச்சு விடுவதற்கு ஏற்ப இருவரும் மாற்றியமைத்தனர்.

முக்குளிப்பவர் முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது தூய ஆக்சிஜன் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு உரிய உருளையில் பொதுவாக நாம் சுவாசிக்கும் காற்றே அழுத்தி நிரப்பப்படுகிறது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் அதில் உள்ளன. தூய ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி, வலிப்பை உண்டாக்கும்.

உருளையின் வாயிலிருந்து புறப்படும் குழாய்களின் முனையில் ரெகுலேட்டர் எனப்படும் சீராக்கி உள்ளது. அதனை வாயில் கவ்விக்கொண்டு மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று வரும். எந்த ஆழத்தில் இருந்தாலும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் அது காற்றைத் தரும். துணைவருக்கு இடர் நேர்ந்தால் கொடுப்பதற்காக மற்றொரு வாய்க்கருவியும் உடன் இருக்கும். எஞ்சிய காற்றைக் காட்டும் அழுத்தமானி, மிதப்பதற்கும் தாழ்வதற்கும் உதவும் மிதவைச் சட்டை, ஈயக்கட்டிகள் கோத்த இடைவார், கண்ணையும் மூக்கையும் மூடும் முகக்கண்ணாடி, துடுப்புக் காலணி ஆகியன பிற உறுப்புகள்.

இடுப்பளவு நீரில் ஒரு பாடம்

புதியவரின் வகுப்பறை இடுப்பளவு ஆழமுள்ள கடல்நீரே. அங்கு முழந்தாளிட்டு, முகத்தை நீருக்குள் தாழ்த்தி, வாயால் மூச்சு விடப் பழக வேண்டும். பிறந்தது முதல் மூக்கால் மூச்சு விட்டவருக்கு இது எளிதன்று. முதற்சில நொடிகளில் நெஞ்சு படபடக்கும், எழுந்துவிடத் தோன்றும். சிலர் எழுந்தும் விடுவர். பயிற்றுநர் பொறுமையுடன் மீண்டும் தொடங்குவார்.

அடுத்து, சீராக்கி வாயிலிருந்து நழுவினால் அதனைத் தேடி எடுத்து, உள்ளே புகுந்த நீரை ஊதி வெளியேற்றிவிட்டு மூச்சை இழுக்கக் கற்பிக்கப்படும். முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தால், அதன் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் மெல்ல ஊதவேண்டும். புகுந்த நீர் கீழ்ப்புறமாக வெளியேறிவிடும். இவை சிறு செயல்களே. ஆயினும் கரையருகே பழகாதவருக்கு ஆழத்தில் இவையே பேரச்சத்தைத் தருவன.

நீருக்குள் பேச இயலாது. ஆகவே கைகளே மொழியாகின்றன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வட்டமானால், எல்லாம் நலம் என்று பொருள். கையை விரித்து இருபுறமும் அசைத்தால், ஏதோ இடர் உள்ளது என்று பொருள். கழுத்தின் குறுக்கே கையை அசைத்தால், காற்று இல்லை என்று பொருள். நிலத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் நன்று என்று கொள்வர். நீருக்குள் அதன் பொருள், மேலே செல்ல வேண்டும் என்பது. மகிழ்ச்சி மிகுதியால் கட்டைவிரலை உயர்த்தும் புதியவரைப் பயிற்றுநர் உடனே மேலே அழைத்து வந்துவிடுவார்.

இத்தனையும் கற்பித்தபின் பயிற்றுநர் வலியுறுத்தும் விதி ஒன்றே: எது நேர்ந்தாலும் மூச்சை அடக்காதீர்கள்.

விதியின் காரணம்

கடல் மட்டத்தில் காற்று மண்டலம் நம்மை அழுத்தும் அளவை ஒரு வளிமண்டல அழுத்தம் என்பர். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ அதே அளவு அழுத்தம் கூடுகிறது. வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் பெருகினால் வாயுவின் கனஅளவு அதே விகிதத்தில் சுருங்கும். அழுத்தம் குறைந்தால் அது விரியும். இதுவே 1662ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. மேற்பரப்பில் 6 லிட்டர் காற்று நிறைந்த ஒரு பையைக் கடலுக்குள் கொண்டுசென்றால், அதன் அளவு பின்வருமாறு மாறும்:

கடல் மட்டம்: 1 மடங்கு அழுத்தம், 6 லிட்டர்.
10 மீட்டர்: 2 மடங்கு அழுத்தம், 3 லிட்டர்.
20 மீட்டர்: 3 மடங்கு அழுத்தம், 2 லிட்டர்.
30 மீட்டர்: 4 மடங்கு அழுத்தம்; 1.5 லிட்டர்.

நுரையீரலும் ஒரு வகையில் காற்றுப்பையே. முத்துக்குளித்தவர் மேற்பரப்பில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். ஆழத்தில் அக்காற்று சுருங்கியது. மேலே வந்தபோது பழைய அளவுக்கு விரிந்தது. பழைய அளவைத் தாண்டி அது விரிவதற்கு வழியில்லை. எனவே மூச்சை அடக்கியதால் அவருடைய நுரையீரல் கிழியவில்லை.

ஸ்கூபா கருவி அணிந்தவரின் நிலை வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அவர் இழுக்கும் காற்று இரு மடங்கு அழுத்தமுடையது. அவருடைய நுரையீரல் 5 லிட்டர் காற்றால் நிறைந்துள்ளது எனக் கொள்க. அச்சத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் மேலே விரைந்தால், அந்த 5 லிட்டர் காற்று 10 லிட்டராக விரிய முயலும். நுரையீரலுக்கு அவ்வளவு இடமில்லை. அதன் மெல்லிய திசுக்கள் கிழியும். காற்றுக் குமிழிகள் குருதியில் கலந்து மூளையை அடையவும் கூடும்.

ஆழம் குறைவாக இருப்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது பிழை. முப்பது மீட்டரிலிருந்து இருபது மீட்டருக்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாக விரிகிறது. பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ அது இரு மடங்காகிறது. புதியவர் இருக்கும் ஆழம் குறைந்த நீரிலேயே விரிவு மிகுதி. ஆதலால்தான் அந்த விதி முதல் நாளிலேயே கற்பிக்கப்படுகிறது. மூச்சு உள்ளும் புறமும் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும் வரை, விரியும் காற்று தானே வெளியேறிவிடும்.

நீருக்குள் இறங்குதல்

பயிற்சி முடிந்தபின் இறக்கம் தொடங்குகிறது. புதியவரை முதல் முக்குளிப்பில் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழத்திற்கு அழைத்துச் செல்வதில்லை. பயிற்றுநர் அவருடைய உருளையைப் பற்றியவாறே உடன் வருகிறார்.

ஓரிரு மீட்டர் இறங்கியவுடனேயே செவிகளில் வலி தோன்றும். வெளியிலுள்ள நீர் செவிப்பறையை உட்புறமாக அழுத்துவதே காரணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழலின் வழியாகக் காற்று சென்று அழுத்தத்தைச் சமப்படுத்தும். சளி பிடித்தவருக்கு இக்குழல் அடைத்திருக்கும். அவர் எவ்வளவு ஊதினாலும் அழுத்தம் சமமாகாது. செவிப்பறை கிழியவும் கூடும். வினாத்தாளில் சளியைப் பற்றிக் கேட்டதன் காரணம் இதுவே. வலி தோன்றினால் இறக்கத்தை நிறுத்திச் சற்று மேலேறி, மீண்டும் முயல வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குவது வீரம் அன்று.

கீழே செல்லச் செல்ல உலகம் மாறுகிறது. கதிரவன் ஒளியிலுள்ள சிவப்பு நிறத்தை நீர் முதலில் உறிஞ்சிவிடுகிறது. மேலே செக்கச்செவேலென்று தெரிந்த துணி ஆழத்தில் மங்கிச் சாம்பல் நிறமாகத் தோன்றும். ஒரு கைவிளக்கை அதன் மீது காட்டினால் சிவப்பு மீண்டும் ஒளிரும். ஒளி நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள்ளிருக்கும் காற்றுக்குள் நுழையும்போது விலகுவதால், பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகத் தோன்றும். ஒலி காற்றில் செல்வதைவிட நீரில் நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. இரு செவிகளையும் அது ஏறத்தாழ ஒரே நேரத்தில் அடைவதால், படகின் இயந்திர ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிய இயலாது. கண்ணும் செவியும் இவ்வாறு ஏமாறும் இடத்தில், புதியவருக்கு நன்கு பழகிய ஒலி ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மூச்சின் ஒலி.

அச்சமும் காற்றின் அளவும்

இத்தருணத்தில் முகக்கண்ணாடிக்குள் சிறிது நீர் கசிகிறது எனக் கொள்க. உப்புநீர் கண்ணில் பட்டு எரிகிறது. மூக்கருகே நீர் இருப்பதால் மூச்சு முட்டுவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் வாயில் காற்று தடையின்றி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் மனம் அதனை நம்ப மறுக்கிறது. மூச்சு விரைவாகிறது, கால்கள் உதைக்கின்றன, மேலே பாய்ந்துவிட வேண்டும் என்ற வெறி எழுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு அவர் மேலே பாய்ந்துவிடக்கூடிய நொடி இதுவே.

பயிற்றுநர் அவர் முகத்தின் முன்னே வருகிறார். கண்ணோடு கண் நோக்குகிறார். கையை மேலும் கீழும் மெல்ல அசைத்து, நிதானமாக மூச்சு விடுமாறு காட்டுகிறார். ஒரு நீண்ட வெளிமூச்சு. பிறகு ஓர் உள்மூச்சு. இடுப்பளவு நீரில் கற்றது நினைவுக்கு வருகிறது. புதியவர் கண்ணாடியின் மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதுகிறார். நீர் வெளியேறுகிறது. வட்டமிட்ட விரல்களை அவர் உயர்த்திக் காட்டும்போது அச்சம் விலகியிருக்கிறது. முத்துக்குளித்தவருக்குக் கயிற்றைப் பிடித்த துணைவர் செய்ததை, இங்கு எதிரே நிற்கும் துணைவர் செய்கிறார்.

நிதானமான மூச்சுக்கு மற்றொரு பயனும் உண்டு. 12 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் நிரப்பிய காற்று, மேற்பரப்பில் ஏறத்தாழ 2400 லிட்டராகும். நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது மேற்பரப்பில் 120 நிமிடங்கள் வரும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சிலும் இரு மடங்கு காற்று செலவாவதால் 60 நிமிடங்களே வரும். இருபது மீட்டரில் அது 40 நிமிடங்களாகக் குறையும். அச்சத்தால் மூச்சு இரு மடங்கு விரைந்தால் இந்நேரமும் பாதியாகும். உருளையை முற்றிலும் தீர்த்துவிடாமல், கால் பங்கு காற்று எஞ்சியிருக்கும்போதே மேலே வந்துவிடுவது முக்குளிப்போரின் வழக்கம்.

பவளத்தின் அருகே

பார்வை தெளிந்தபின் புதியவர் கீழே நோக்குகிறார். மலர்த்தோட்டம் போல விரிந்து கிடப்பது பவளப்பாறை. பாறை என்று சொல்லப்பட்டாலும் அது உயிருள்ளது. பாலிப் எனப்படும் மிகச்சிறிய விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பாலான தம் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி அதனை எழுப்பியுள்ளன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பாசிகள் சூரிய ஒளியில் உணவு ஆக்கிப் பவளத்திற்கு ஊட்டுகின்றன. பவளம் அவற்றுக்கு உறைவிடம் தருகிறது. பவளத்தின் வண்ணங்களில் பெரும்பகுதி இப்பாசிகளால் வருவதே.

கடல் சாமந்தியின் நச்சு இழைகளுக்கிடையே கோமாளி மீன் அச்சமின்றி ஒளிந்து விளையாடுகிறது. அதன் உடலைப் போர்த்தியுள்ள கோழைப்படலம் நஞ்சிலிருந்து அதனைக் காக்கிறது. கிளியின் அலகு போன்ற வாயுடைய கிளிமீன் பவளத்தைக் கொறித்துப் பாசியை உண்கிறது. அது கழிவாக வெளியிடும் வெண்பொடியே தீவின் வெண்மணலில் ஒரு பங்காகிறது. மணற்பரப்பில் கடல் அட்டை மெல்ல ஊர்ந்து, மண்ணிலுள்ள கழிவை உண்டு தூய்மை செய்கிறது.

திரண்ட உருவமுடைய பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு மனிதரின் உயரத்தை அது எட்டுவதற்கு நூற்றாண்டுக்கு மேல் ஆகும். பவளத்தின் கிளையொன்றை ஒடிக்கத் துடுப்புக் காலணியின் ஒரே உதை போதும். கையால் தொடுவதும், மேலே நிற்பதும் அதன் மெல்லுடலைச் சிதைக்கும். கடல்நீர் இயல்பைவிடச் சூடேறினால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010ஆம் ஆண்டில் அந்தமானின் பவளங்கள் பெருமளவில் இவ்வாறு வெளுத்தன. வெப்பத்தால் நலிந்த பவளம் மனிதரின் உதையையும் தாங்கவேண்டிய நிலை வரலாகாது. கடினப்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றை ஒடித்து எடுத்துச் செல்வது குற்றமாகும்.

பவளத்தைத் தொடாமல் அதன் மேலே மிதப்பது எவ்வாறு? இங்கும் மூச்சே வழிகாட்டுகிறது. மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிவதால் உடல் சற்று மேலெழுகிறது. மூச்சை விடும்போது சற்றுத் தாழ்கிறது. மிதவைச் சட்டையில் வேண்டிய அளவு காற்றை நிரப்பியபின், மெதுவான, சீரான மூச்சாலேயே ஒருவர் ஒரே மட்டத்தில் நிற்க முடியும். பதற்றத்தோடு மூச்சு விடுபவர் ஏறியும் இறங்கியும் கால்களை உதைத்துப் பவளத்தை உடைக்கிறார். முக்குளிப்பவரின் உயிரைக் காக்கும் அதே நிதானம் பவளத்தின் உயிரையும் காக்கிறது.

மேலேறுதல்

அழுத்தமானியைப் பார்த்துவிட்டுப் பயிற்றுநர் கட்டைவிரலை உயர்த்துகிறார். ஏற்றம் மிக மெதுவாக நடைபெற வேண்டும். நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறலாகாது என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நின்று செல்வதும் பாதுகாப்பான வழக்கம்.

இதற்குக் காரணம் நைட்ரஜன். ஆழத்தில் மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலேறினால் அது மூச்சின் வழியே சிறிது சிறிதாக வெளியேறும். விரைந்து ஏறினால், கோலி சோடாவைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதுபோல உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டு வலி முதல் கைகால் செயலிழப்பு வரை அதனால் நேரலாம். உயரத்தில் பறக்கும் வானூர்தியிலும் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், ஒருமுறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் கழித்தே வானூர்தியில் ஏறவேண்டும் என்பர். ஆகவே முக்குளிப்பைச் சுற்றுலாவின் கடைசி நாளில் வைத்துக்கொள்வது முறையன்று.

மாலையில்

மேற்பரப்பில் தலை தெரிந்ததும் புதியவர் மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறார். வாழ்நாள் முழுவதும் நினையாமல் செய்த அச்செயல் இப்போது ஒரு பேறாகத் தோன்றுகிறது. கரையில் கருவிகளை நன்னீரில் கழுவியபின், சென்ற ஆழம், இருந்த நேரம், எஞ்சிய காற்றின் அளவு ஆகியவை குறிப்பேட்டில் எழுதப்படுகின்றன.

முத்துக்குளித்தவர் கைநிறையச் சிப்பியுடன் மேலே வந்தார். அது அவருடைய பிழைப்பு. இன்றைய முக்குளிப்பவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். அதுவே அவருக்கு அழகு. பார்த்தவை பார்த்த இடத்திலேயே இருக்கின்றன. அடுத்து இறங்குபவரும் அவற்றைக் காண்பார்.

சொற்பொருள்

முக்குளிப்பு – நீரில் மூழ்கிச் செல்லுதல்
ஊறு – தீங்கு
இழுக்கு – குறை, இகழ்ச்சி
இடைவார் – இடுப்பில் கட்டும் பட்டை
முழந்தாளிடுதல் – முழங்கால்களை ஊன்றி நிற்றல்
பேறு – கிடைத்தற்கரிய நன்மை

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. சுவராஜ் தீவின் பழைய பெயர் யாது?
2. முக்குளிப்பவரின் உருளையில் நிரப்பப்படுவது எது?
3. நீருக்குள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதன் பொருள் யாது?

ஆ. விரிவான விடை எழுதுக.
1. முத்துக்குளித்தவர் மூச்சை அடக்கினார். ஸ்கூபா கருவி அணிந்தவர் அடக்கலாகாது. காரணத்தைப் பாயில் விதியின் துணையுடன் விளக்குக.
2. நிதானமான மூச்சு பவளப்பாறையைக் காப்பது எவ்வாறு?

இ. கணக்கிடுக.
மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவருக்கு, 2400 லிட்டர் காற்று முப்பது மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிடங்கள் வரும்?

ஈ. சிந்தித்து எழுதுக.
சளி பிடித்திருப்பதை மறைத்து முக்குளிக்க விரும்பும் நண்பருக்கு நீவிர் கூறும் அறிவுரையைப் பத்து வரிகளில் எழுதுக.